வெளியே போகவில்லை

ஜனவரி 12

பாப்பாவுக்கு,

நீ எனக்குச் செய்தது அநியாயம். நலமா என்று கடைசியில் கேட்கிறேன், முதலில் இதைப் படி.

நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து வந்திருக்கிறாய். வக்கீல் ஆபீஸில் இரும்புப் பெட்டி திறக்கவில்லை என்று கூப்பிட்டார்கள், போயிருந்தேன். திரும்பி வந்தால் கீழ்க் கடைத் தையல்காரம்மா ஒரு கூடையோடு படியில் நிற்கிறாள். "உங்க தங்கச்சி வந்தாங்க, குடுத்தாங்க, போயிட்டாங்க" என்றாள். கூடைக்குள் உன் பூனை. கைப்பிடியில் ஒரு சீட்டு: 'ஒரு மாதம்தான் அண்ணா. மகள் வீட்டில் உதவிக்கு ஆள் இல்லை.' கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். அது தெரிந்துதான் நீ கேட்கவில்லை.

மேனேஜர் என்று அதற்குச் சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறாய். வந்த அன்றே என் வேலை மேசையில் ஏறி, இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸுக்கும் சாவிக்கொத்துகளுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டது. ஒரு வேலையும் செய்யாமல் நான் செய்கிறதைப் பார்க்கிறது. அரத்தால் ராவினால் காதை மடக்குகிறது. பதினான்கு வயதுப் பூனைக்கு இத்தனை திமிர் ஆகாது.

கூடையில் ஒரு பாட்டில் இருந்தது. 'காலை, மாலை' என்று மட்டும் எழுதியிருக்கிறாய். எதற்கு என்று எழுதவில்லை. எதற்கு என்று தெரியாத மருந்தை நான் யாருக்கும் கொடுப்பதில்லை, நானும் குடிப்பதில்லை. டப்பாவில் அடைத்த அந்த ஈரச் சாப்பாடு அறை முழுக்க நாறுகிறது. அதை நிறுத்திவிட்டு உலர்ந்த பிஸ்கட் வாங்கியிருக்கிறேன். பல்லுக்கு நல்லது என்று பையிலேயே போட்டிருக்கிறான்.

எனக்குக் காது மந்தம். போனில் உன் குரல் எறும்பு நடக்கிற மாதிரி இருக்கும். எழுது. இப்போது கேட்கிறேன், நலமா? மருமகள் நலமா?

அண்ணன்

—

ஜனவரி 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கோபம் நலமாக இருப்பது தெரிந்து சந்தோஷம். நானும் நலம். மகள் நலம்.

சொல்லாமல் விட்டுவிட்டுப் போனது தப்புத்தான். வேறு யாரிடமும் அவனை விட எனக்கு மனசு வரவில்லை. அவசரமாகக் கிளம்ப வேண்டியிருந்தது, அதனால் எல்லாவற்றையும் எழுதி வைக்க நேரமில்லை.

முக்கியமான விஷயம் ஒன்று. அவன் வெளியே போகிறானா? வயசாகிவிட்டதால் போக ரொம்பச் சிரமப்படுவான். தினமும் போனால் நல்லது, ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது போக வேண்டும். அவசரப்படுத்தாதீர்கள், பக்கத்தில் நின்று பார்த்தால் கூச்சப்படுவான். போனானா இல்லையா என்று மட்டும் மறக்காமல் எழுதுங்கள், எனக்கு இங்கே அதே நினைப்பாக இருக்கிறது. அந்த பாட்டில் வயிற்றுக்கு. தயவுசெய்து கொடுங்கள். தண்ணீர் நிறையக் குடிக்கட்டும்.

எனக்கும் கொஞ்சம் அசதி, வேறொன்றும் இல்லை. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். மேசை விளக்கு வெளிச்சம் போதவில்லை என்று போன தடவையே சொன்னேன், மாற்றினீர்களா?

உங்கள் பாப்பா

—

ஜனவரி 28

பாப்பாவுக்கு,

நலம். விளக்கு மாற்றவில்லை. இருக்கிற விளக்கு போதும்.

நீ கவலைப்படுகிற விஷயத்தில் நிம்மதியாக இரு. மேனேஜர் இங்கே வந்ததிலிருந்து ஒரு தடவைகூட வெளியே போகவில்லை. நான் உயிரோடு இருக்கிற வரைக்கும் போகாது. உன் வீட்டில் தினமும் விட்டிருக்கிறாய் என்று படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெருவில் போகிற லாரிகளைப் பார்த்திருக்கிறாயா? வாசல் கதவுக்குக் கீழே ஒரு தாழ்ப்பாள், மேலே ஒன்று, ஜன்னலுக்குக் கம்பி வலை. பூட்டுக்காரன் வீட்டிலிருந்து ஒரு பூனை போய்விட்டது என்று நாலு பேர் சொன்னால் நான் எப்படித் தொழில் செய்வது?

அது மட்டும் இல்லை. ரொம்பச் சுத்தமான பூனை, அதை ஒப்புக்கொள்கிறேன். மணல் தட்டு போட்டது போட்டபடி இருக்கிறது. அதில் போய் உட்காருவதென்னவோ நிஜம். சர்க்கார் ஆபீஸில் டோக்கன் வாங்கிக் காத்திருக்கிறவன் மாதிரி ரொம்ப நேரம் உட்கார்ந்திருக்கும். சில சமயம் கத்தும். உன்னை நினைத்துக்கொண்டு கத்துகிறது. சாப்பாடும் குறைந்துவிட்டது, அதுவும் உன்னை நினைத்துத்தான். நேற்று கொஞ்சம் வாந்தி எடுத்தது. பூனைகள் எடுக்கும்.

பாட்டிலைத் திறந்து ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஒரே சர்க்கரைப் பாகு. வயதான பிராணிக்கு எதற்கு இந்தத் தித்திப்பு? அலமாரியில் வைத்திருக்கிறேன், நீ வந்து எடுத்துக்கொள்.

மாதம் முடியப்போகிறது. எப்போது வருகிறாய்? உடம்பைக் கவனி.

அண்ணன்

—

பிப்ரவரி 3

பாப்பாவுக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை.

நீ கேட்டது கதவைப் பற்றி இல்லையாமே!

மத்தியானம் தையல்காரம்மா மூச்சு வாங்க மாடி ஏறி வந்தாள். காதருகில் வந்து கத்தினாள்: "தங்கச்சி போன்ல இருக்காங்க. பூனை வெளிய போச்சான்னு கேக்குறாங்க!"

"போகவே இல்லைன்னு சொல்லு! டபுள் தாழ்ப்பாள் போட்டிருக்கேன்னு சொல்லு!"

இறங்கிப் போனாள். நான் அரத்தை எடுத்தேன். மறுபடி ஏறி வந்தாள். இந்தத் தடவை முகம் வேறு மாதிரி இருந்தது.

"ஐயா, அவங்க அழுவுறாங்க. அவங்க கேக்குறது அந்த வெளிய இல்லையாம். இந்த வெளிய." என்று சொல்லி, மணல் தட்டைக் காட்டினாள்.

பாப்பா, நாற்பது வருஷம் லைப்ரரியில் வேலை பார்த்து, கடிதத்தில்கூடக் கிசுகிசுக்கப் பழகிவிட்டாய். மலம் என்று ஒரு சொல் இருக்கிறது. மூன்று எழுத்து. அதை எழுதினால் உன் பேனா அழுகிப்போகுமா? நீ எழுதாததால் நான் இத்தனை நாளும் கதவைக் காவல் காத்துக்கொண்டிருந்தேன், உள்ளே அது அடைபட்டுக்கொண்டிருந்தது.

தட்டை முழுவதும் துழாவிவிட்டேன். மூலையில் கூழாங்கல் மாதிரி ஒன்றே ஒன்று. பீரோவுக்குப் பின்னால் போய்ப் படுத்திருந்ததை இழுத்துத் தூக்கினேன். வயிற்றைத் தொட்டேன். பூட்டு மாதிரி இருக்கிறது. சும்மா சொல்லவில்லை, பழைய இரும்புப் பூட்டைத் துணிக்குள் வைத்துத் தடவினால் எப்படி இருக்குமோ அப்படி. தொட்டதும் என்னைப் பார்த்தது. கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

தையல்காரம்மா டாக்டர், டாக்டர் என்கிறாள். நான் போகவில்லை. ஒரு வேலையையும் நான் காலேஜில் படிக்கவில்லை, எல்லாம் திறந்து பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். இறுகின பூட்டில் சாவியை முறுக்கினால் உள்ளேயே உடையும். முதலில் எண்ணெய். நாளைக் காலையில் விளக்கெண்ணெய் புகட்டப்போகிறேன். மருந்துக்கடையில் எனிமா பாக்கெட் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன். "யாருக்கு?" என்று கேட்டான். எனக்குத்தான் என்று சொல்லித் தொலைத்தேன்.

இதைத் தபாலில் போட்டுவிட்டு வருகிறேன்.

அண்ணன்

—

பிப்ரவரி 7

பாப்பாவுக்கு,

போன கடிதம் உனக்கு இன்னும் வந்திருக்காது. வந்தால் பயப்படாதே, இதையும் சேர்த்துப் படி. மேனேஜர் உயிரோடு இருக்கிறார்.

நான்காம் தேதி காலை துண்டில் சுற்றி மடியில் வைத்து, வாயோரமாக எண்ணெய் விட்டேன். ஒரு கரண்டிகூட இல்லை. துப்பியது. அப்புறம் இருமியது. இருமல் நிற்கவில்லை. வாயைத் திறந்துகொண்டு, கழுத்தை நீட்டிக்கொண்டு மூச்சுக்குத் தவித்தது. பூட்டு அப்படிப் பார்க்காது, பாப்பா. கரண்டியை வீசிவிட்டேன்.

வேலைக்குக் கொண்டுபோகும் தோல் பையில் இருந்த சாவியையெல்லாம் தரையில் கொட்டினேன். பூனையை அதற்குள் வைத்தேன். தையல்காரம்மா கடையை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோ பிடித்தாள்.

டாக்டர் சின்னப் பெண். மேசையில் வைத்து நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டாள். வயிற்றை அமுக்கினாள். அப்புறம் என்னிடம் திரும்பினாள்.

"எண்ணெய் குடுத்தீங்களா?"

"குடுத்தேன்."

"அது நுரையீரலுக்குள்ள போனா என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரிஞ்சா குடுப்பேனா?"

"தெரியாம ஏன் குடுத்தீங்க?"

சட்டைப்பையிலிருந்து எனிமா பாக்கெட்டை எடுத்து, "இதைப் போடலாமா?" என்று கேட்டேன். பிடுங்கி எடுத்துப் படித்தாள், குப்பைக்கூடையில் போட்டாள். "இது மனுஷங்களுக்கு. பூனைக்கு விஷம். ஒண்ணு போட்டிருந்தா இன்னைக்கு இதை எடுத்துட்டு வந்திருக்க மாட்டீங்க, தாத்தா."

"நான் யாருக்கும் தாத்தா இல்லை" என்றேன். அது ஒன்றுதான் சொல்ல முடிந்தது.

படம் எடுத்தார்கள். வெளிச்சத்தில் வைத்துக் காட்டினாள். பெருங்குடல் முழுக்கக் கல் கல்லாக அடைத்து நிற்கிறது. உடம்பில் தண்ணீரே இல்லையாம், தோலுக்கடியில் ஊசி போட்டுத் தண்ணீர் ஏற்றினார்கள். அப்புறம் மயக்கம் கொடுத்து, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார்கள். என்னை உள்ளே விடவில்லை. வெளியே பெஞ்சில் இருந்தேன். எனக்குக் கேட்காது என்பதால், கதவு திறக்கிறபோதெல்லாம் அவர்கள் வாயைப் பார்த்தேன். என்ன சொல்கிறார்கள் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது போல் கொடுமை வேறில்லை.

பிழைத்துவிட்டது. நெஞ்சிலும் எண்ணெய் இறங்கவில்லை. வீட்டில்தான் இருக்கிறது, பின்காலில் பலமில்லை.

டாக்டர் சொன்னது இது. நீ அனுப்பின அந்தச் சர்க்கரைப் பாகுதான் மருந்து. அது குடலுக்குள் தண்ணீரை இழுத்து மலத்தை இளக வைக்குமாம். அதை நிறுத்தியதும், ஈரச் சாப்பாட்டை நிறுத்தியதும்தான் அடைப்பு. வருஷக்கணக்காக அடைத்து அடைத்து அதன் பெருங்குடல் தொளதொளத்த பையாகிவிட்டதாம், தள்ளும் சக்தி குறைந்துவிட்டது. மருந்து, சாப்பாடு, தண்ணீர் எல்லாம் சாகும்வரை தொடர வேண்டும். அப்படியும் மறுபடி மறுபடி அடைத்தால், பெருங்குடலை வெட்டி எடுக்கிற ஆபரேஷன் ஒன்று இருக்கிறதாம். அதை மட்டும் நான் காதில் வாங்கவில்லை. குடலை எடுத்த பிறகு அது என்ன பிழைப்பு?

நீ நலமா? உன் கடைசிக் கடிதத்தில் அசதி என்று எழுதியிருந்தாய். இன்னும் இருக்கிறதா?

அண்ணன்

—

பிப்ரவரி 9

அண்ணா,

எண்ணெய் கொடுக்காதீர்கள். மூன்றாம் தேதிக் கடிதம் இப்போதுதான் வந்தது. கொடுக்காதீர்கள், மூச்சுக்குள் போய்விடும். எனிமாவும் போடாதீர்கள். இதை நீங்கள் படிக்கும்போது எல்லாம் நடந்து முடிந்திருக்கும் என்று தெரிகிறது, ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. தையல் கடைக்கு விடாமல் போன் செய்கிறேன், யாரும் எடுக்கவில்லை. கடை மூடியிருக்கிறதா? ஏன் மூடியிருக்கிறது?

மலம். எழுதிவிட்டேன். மலம், மலம். முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

எழுத்து கோணலாக இருக்கும். இந்த மேசைக்குச் சக்கரம் இருக்கிறது, கை வைத்தால் நகர்கிறது.

பாப்பா

—

பிப்ரவரி 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் ஏழாம் தேதிக் கடிதம் வந்தது. மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன், அப்புறம் நானே படித்தேன். அவன் பிழைத்தான் என்கிற வரியை மட்டும் நிறையத் தடவை. நீங்கள் அவனைச் சாவிப் பையில் தூக்கிக்கொண்டு ஓடியதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. சிரித்தால் வயிறு வலிக்கிறது, அதனால் மெதுவாகச் சிரிக்கிறேன்.

மருந்தைச் சாப்பாட்டில் கலக்க வேண்டாம், கண்டுபிடித்துவிடுவான். ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்துக் கன்னத்தின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வேகவைத்த பூசணிக்காயை உப்புப் போடாமல் மசித்து ஒரு ஸ்பூன் ஈரச் சாப்பாட்டோடு கொடுங்கள். தண்ணீர்க் கிண்ணம் ஒன்று போதாது, ஒவ்வொரு அறையிலும் வையுங்கள். சீவிவிடுங்கள், முடியை விழுங்கினால் அதுவும் அடைக்கும்.

டாக்டரிடம் எனக்காகச் சில கேள்விகள் கேட்பீர்களா? அந்த ஆபரேஷனைப் பற்றி. பெருங்குடலை எடுத்துவிட்டால் பழையபடி சாப்பிட முடியுமா? வலி எவ்வளவு நாள் இருக்கும்? வயதானால் செய்யலாமா, செய்யக்கூடாதா? செய்தால் எவ்வளவு காலம் இருக்கலாம்? பக்கத்தில் பை ஏதாவது வைத்து, அதில்தான் போக வேண்டியிருக்குமா? அப்படி வைத்தால் மற்றவர்களுக்கு நாற்றம் தெரியுமா?

அவசரமில்லை. ஆனால் சீக்கிரம் எழுதுங்கள்.

உங்களுக்கு இருமல் இல்லையே? நான் நலம்.

பாப்பா

—

பிப்ரவரி 24

பாப்பாவுக்கு,

நலம். இருமல் இல்லை. நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன்.

இன்று காலை மேனேஜர் மலம் கழித்தார். முழுசாக, முக்காமல், என்னைப் பார்த்துக்கொண்டே. பக்கத்தில் நின்றால் கூச்சப்படும் என்றாயே, அதெல்லாம் ஒன்றும் கிடையாது. நான் கை தட்டினேன். தையல்காரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்கா என்னை மாடி ஏற வச்சீங்க? ஒரு ஜாக்கெட் பாதியில நிக்குது" என்றாள். ஆனால் குனிந்து நன்றாகத்தான் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்று சர்டிபிகேட்டும் கொடுத்தாள்.

மருந்து வேளை தவறவில்லை. பூசணிக்காய் தின்கிறது. கிண்ணம் நாலு வைத்திருக்கிறேன், ஒன்று வைஸ் பக்கத்தில். அதில் இரும்புத் தூள் விழுகிறது என்று மாற்றி வைத்தேன். ஆனாலும் ஒரு நாள் போகாவிட்டால் எனக்குக் கை வேலையில் நிற்பதில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறேன், மறுபடி தொட்டுப் பார்க்கிறேன். அதற்கே சலிப்பாகிக் கடிக்கிறது.

நீ கேட்ட ஆபரேஷன் விஷயம். டாக்டரிடம் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. நானே சொல்கிறேன். கூடாது. உடம்போடு பிறந்ததை வெட்டி எடுத்துவிட்டு, இடுப்பில் பை கட்டிக்கொண்டு, நாலு பேர் மூக்கைப் பொத்த, அப்படி ஒரு வாழ்வு எதற்கு? இந்த வயதில் அறுத்துக் கூறு போடுவதற்குப் பேசாமல் போய்ச் சேரலாம். நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

தையல் கடை மூடவில்லை, அந்த வாரம் அவள் போன்தான் கெட்டுக் கிடந்ததாம். மாதம் ஒன்று என்றாய், இரண்டாகப் போகிறது. எப்போது வருகிறாய் என்று ஒரு வரி எழுது. மருமகளுக்கு என் அன்பு.

அண்ணன்

—

மார்ச் 20

பாப்பாவுக்கு,

ஏன் எழுதவில்லை?

தபால்காரனை வழிமறித்துக் கேட்டேன். "இருந்தா குடுக்க மாட்டேனா, பெரியவரே?" என்கிறான். தையல்காரம்மாவை விட்டு உன் மகளுக்குப் போன் பண்ணச் சொன்னேன். ஒரு தடவை "அம்மா தூங்குறாங்க" என்றாளாம். இன்னொரு தடவை "அம்மா குளிக்கிறாங்க." நேற்று ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டாளாம். "அந்தப் பொண்ணு குரலே சரியில்லைங்க" என்றாள் தையல்காரம்மா.

உன் கடிதங்களை எடுத்து வைத்து, முதலிலிருந்து படித்தேன். நான் மெதுவாகப் படிக்கிறவன், ஆனால் படித்தால் படித்ததுதான்.

அவசரமாகக் கிளம்ப வேண்டியிருந்தது என்கிறாய். உதவிக்குப் போனவளுக்கு மகள் கடிதம் படித்துக் காட்டுகிறாள். சிரித்தால் வயிறு வலிக்கிறது. நீ எழுதுகிற மேசைக்குச் சக்கரம் இருக்கிறது. எந்த வீட்டில் மேசைக்குச் சக்கரம் இருக்கிறது, பாப்பா? ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குக் குறுக்கே தள்ளுகிற மேசைக்கு இருக்கிறது.

அப்புறம் அந்தப் பை.

இன்று மேனேஜரைக் காட்டக் கூட்டிப்போனேன். டாக்டர் வயிற்றைப் பார்த்து "பரவாயில்லை, நல்லா பாத்துக்கறீங்க" என்றாள். நான் கேட்டேன், "பூனைக்குக் குடலை எடுத்தா இடுப்புல பை வைப்பீங்களா?"

"பூனைக்கு யாரும் பை வைக்கறதில்லையே."

"எடுத்த பூனை என்ன ஆகும்?"

"கொஞ்ச நாள் தண்ணியா போகும். அப்புறம் பெரும்பாலும் சரியாயிடும். நல்லா சாப்பிட்டுட்டு வருஷக்கணக்கா இருக்கற பூனைங்க இருக்கு." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, வாய் தெரியும்படி முன்னால் வந்து நின்று கேட்டாள்: "பை யாருக்கு?"

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மேனேஜர் பையிலிருந்து தலையை நீட்டி என்னைப் பார்த்தது.

இருபத்துநாலாம் தேதி நான் எழுதினது பூனைக்கு. பூனையைப் பற்றிக்கூட ஒன்றும் தெரியாமல், கேட்காமல் எழுதினேன். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. கிழித்துவிட்டேன் என்று எழுது.

உனக்கு என்ன? வயிற்றுக்கு, அசதி, அந்த விஷயம் என்றெல்லாம் எழுதாதே. இருக்கிற பெயரை எழுது. எனக்குப் பயமாக இருக்கிறது.

அண்ணன்

—

மார்ச் 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

புற்றுநோய். பெருங்குடலில், கீழ்ப் பக்கம்.

எழுதிவிட்டேன். நீங்கள் சொன்னது சரிதான், பேனா அழுகவில்லை.

கிளம்புகிறதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் தெரிந்தது. அதற்கும் முன்னாலேயே எனக்குச் சரியாகப் போகவில்லை, இரத்தம் தெரிந்தது, யாரிடமும் சொல்லக் கூச்சமாக இருந்தது. மகளிடம்கூட 'அந்த விஷயம் சரியில்லை' என்றுதான் சொன்னேன். டாக்டர் எத்தனை மாதமாக என்று கேட்டபோது எனக்கு வாய் வரவில்லை. மேனேஜருக்கு என்றால் தட்டைக் கிளறிப் பார்த்து, ஒரு நாள் தவறினாலும் டாக்டரிடம் ஓடினேன். எனக்கு என்றபோது ஓடவில்லை.

ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். கையெழுத்துப் போட வேண்டிய அன்று காலை உங்கள் இருபத்துநாலாம் தேதிக் கடிதம் வந்தது. உங்கள் மேல் பழி போடவில்லை. ஏற்கெனவே வேண்டாம் என்றுதான் இருந்தேன், யாராவது அதையே சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தேன். நீங்கள் சொன்னீர்கள். தள்ளி வையுங்கள் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். மகள் என்னோடு பேசுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே பேசாமல் இருக்கிறாள்.

தள்ளத் தள்ள நல்லதில்லை என்று டாக்டர் சொல்கிறார். இன்னும் செய்யலாம், சீக்கிரம் முடிவு சொல்லுங்கள் என்கிறார். அந்தப் பை கொஞ்ச காலத்துக்குத்தான் இருக்கலாம், எப்போதைக்கும் கூட இருக்கலாம், திறந்து பார்த்தால்தான் தெரியுமாம். எனக்கு அந்த அறைக்குள் போகப் பயமாக இருக்கிறது, அண்ணா. போகாமல் இருக்கவும் பயமாக இருக்கிறது.

நான் வராமல் போனால் மேனேஜரை வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள். அவன் வயிற்றை எப்படித் தொட வேண்டும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

கடிதத்தைக் கிழித்துவிட்டேன். நீங்கள் சாப்பிட்டீர்களா?

பாப்பா

—

ஏப்ரல் 1

பாப்பாவுக்கு,

சாப்பிட்டேன். பிறகு உன் கடிதம் வந்தது, இனி உன்னைப் பார்த்த பிறகுதான் சரியாகச் சாப்பிடுவேன்.

வராமல் போனால் என்று எழுதியிருக்கிறாய். நீ ஒரு மாதம் என்று சீட்டு எழுதிக் கட்டிவிட்டுப் போனவள். அந்தச் சீட்டு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பூனை உன்னுடையது. என் தலையில் கட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ள நான் விட மாட்டேன்.

கூடாது என்று நான் சொன்னதைக் கேட்டாய் அல்லவா, இப்போது சொல்வதையும் கேள். அன்று பெஞ்சில் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்த பூனை, தோல் பையில் வைத்தபோது பயத்தில் என்னைக் கடித்துக் குதறியிருந்தது, என் கையில் இன்னும் தழும்பு இருக்கிறது. அதைக் கேட்டிருந்தால் அதுவும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கும். இப்போது இதை எழுதும்போது தாளின் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அது காலை எடுக்கும்வரை நிறுத்தி நிறுத்தி எழுதுகிறேன்.

உன் வயிற்றைப் பற்றிப் பூனை டாக்டரிடமும் கேட்டேன். "நான் பூனை டாக்டர், அவங்க டாக்டரைக் கேளுங்க" என்று திட்டினாள். சரிதான். அதனால் இனி யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று கீழே எழுதுகிறேன். இதில் மாற்றம் கிடையாது.

தையல்காரம்மா: மேனேஜருக்குக் காலையும் மாலையும் மருந்து கொடுக்க வேண்டும். சிரிஞ்சு பிடிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டேன். பூசணிக்காயில் உப்புப் போடக்கூடாது. தினமும் தட்டைப் பார்க்க வேண்டும், வயிறு இறுகினால் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் டாக்டரிடம் தூக்கிப் போக வேண்டும், எண்ணெய்ப் பக்கமே போகக்கூடாது. இதற்குப் பதிலாக அவள் கடை ஷட்டர் பூட்டை மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.

பூனை டாக்டர்: நான் இல்லாதபோது தையல்காரம்மா கூப்பிட்டால் எடுக்க வேண்டும். எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

மேனேஜர்: தினமும் மலம் கழிக்க வேண்டும். வேறு வேலை எதுவும் அவருக்கு இல்லை.

மருமகள்: பேசாமல் இருப்பதை நிறுத்த வேண்டும். ஸ்டேஷனுக்கு வர வேண்டும், எனக்கு அறிவிப்பு கேட்காது. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே டாக்டரைப் பார்த்துப் புதிய தேதி வாங்கி வைக்க வேண்டும்.

உன் டாக்டர்: எவ்வளவு எடுப்பார், எவ்வளவு வைப்பார், பை எதற்கு, எத்தனை காலத்துக்கு என்று ஒளிக்காமல் சொல்ல வேண்டும். என் முகத்துக்கு நேராக நின்று, வாயைத் திறந்து சொல்ல வேண்டும். புரியாவிட்டால் மறுபடி கேட்பேன்.

நான்: அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன். தொழிலை மூடி வைத்துவிட்டுத்தான் வருகிறேன், இதுவரை மூடினதில்லை. ஆபரேஷன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், எழுந்து போக மாட்டேன். பை வைத்தால், அதை மாற்றக் கற்றுக்கொள்வேன். பூட்டைத் திறந்து பழகிய கை, அதெல்லாம் வரும்.

நீ: கையெழுத்துப் போட வேண்டும். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும், எனக்குக் கேட்கும்படி. எல்லாம் முடிந்து கண் விழித்த பிறகு, ஒரு நாள் நர்ஸ் வந்து வெளியே போனதா என்று கேட்பாள். அவள் கதவைக் கேட்கவில்லை. அப்போது நானும் பக்கத்தில் இருப்பேன், எனக்கும் தெரிய வேண்டும். லைப்ரரியை மறந்துவிட்டு, முழு வார்டுக்கும் கேட்கிற மாதிரி அந்தச் சொல்லைச் சொல்லிப் பதில் சொல்ல வேண்டும். நான் கை தட்டுவேன்.

அண்ணன்